கையிலுள்ள போன் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறது?

யாழ்ப்பாணத்தின் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓட ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம் போதும். இந்தக் கடல்வழியில் இப்போது அதிகம் நடக்கிற காரியம் போன் பார்ப்பது. மரண அறிவித்தல், ஊர்ச் செய்தி, கோயில் திருவிழா நேரலை, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை வட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பு என்று விரல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதே நேரத்தில் போனுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சென்சார்கள், படகு எந்தப் பக்கம் சரிகிறது, எந்த வேகத்தில் ஏறி இறங்குகிறது என்று அளந்துகொண்டிருக்கின்றன. திறந்திருக்கும் இணையத்தளம் விரும்பினால் அந்த அளவுகளை விநாடிக்கு 60 தடவை வரை வாசிக்கலாம். அன்ட்ரொயிட் போனில் குரோம் உலாவி வைத்திருப்பவரிடம் இதற்கென்று எந்த அனுமதியும் கேட்கப்படுவதில்லை.

கமராவுக்கும் மைக்குக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். வேண்டாம் என்று அழுத்த அதில் இடமுண்டு. அன்ட்ரொயிட் குரோமில், அசைவை அளக்கும் முடுக்கமானிக்கும் திரும்பலை அளக்கும் கைரோஸ்கோப்புக்கும் அப்படியொரு பெட்டி வருவதில்லை. காரணம் பழையது. இந்த வசதியை உலாவிகளில் சேர்த்த காலத்தில், போனைச் சரித்தால் விளையாட்டில் கார் வளைய வேண்டும், வரைபடம் நாம் நிற்கும் திசைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு அப்பால் பெரிதாக எவரும் யோசிக்கவில்லை. அசைவில் என்ன இரகசியம் இருந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

இரகசியம் இருந்தது. 2014 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இஸ்ரேலின் ரபாயெல் நிறுவனத்தவரும் சேர்ந்து, பக்கத்தில் எழும் பேச்சொலியின் அதிர்வைக்கூடப் போனின் கைரோஸ்கோப் ஓரளவு பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மரியம் மெஹ்ர்நெஷாட் தலைமையிலான குழு 2017 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. சாதாரண இணையப் பக்கமொன்றில் எழுதிய நிரல், ஒருவர் நாலிலக்க இரகசிய எண்ணை அழுத்தும்போது போன் அசையும் விதத்தை மட்டும் வைத்து அந்த எண்ணை ஊகித்தது. ஐம்பது எண்களைக் கொண்டு நடத்திய சோதனையில், முதல் முயற்சியிலேயே 74 வீதம் சரியாக வந்தது.

ஆய்வுகூடச் சோதனையையும் அன்றாட ஆபத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. வங்கிக் கணக்கை நாளைக்கே இப்படி உடைத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. பக்கத்தை மூடினால், அல்லது வேறு செயலிக்குப் போய்விட்டால், இன்றைய உலாவிகளில் இந்த வாசிப்பு நின்றுவிடும். எங்களைப் போன்ற சாதாரண ஆட்களை அதிகம் தொடுவது இன்னொரு பயன்பாடு. இன்னார் வைத்திருக்கும் போன் இதுதான் என்று அடையாளம் பிடிப்பது.

தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு சென்சாரிலும் மயிரிழையளவு பிழை இருக்கும். அந்தப் பிழையைத் திருத்துவதற்குப் போனுக்குள் எழுதிவைக்கும் அளவுகள் ஒவ்வொரு போனுக்கும் வேறுபடும். 2019 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐபோனில் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரச் சென்சார் வாசிப்பிலிருந்து அந்த அளவுகளைக் கணித்து, போனை அடையாளம் காணலாம் என்று நிறுவினார்கள். தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் குக்கியை அழித்தாலும் பயனில்லை. போனை முழுவதுமாக அழித்துப் புதிதாகத் தொடங்கினாலும் அடையாளம் மாறாது. அப்பிள் நிறுவனம் அதே ஆண்டு மார்ச்சில் ஐஓஎஸ் 12.2 இல் அந்த ஓட்டையை அடைத்தது. சில மாதங்களில் வந்த ஐஓஎஸ் 13 இலிருந்து, அசைவுச் சென்சாரைத் தொட விரும்பும் தளம் சபாரி உலாவியில் பயனரைக் கேட்டாக வேண்டும். கேட்க வைப்பது முடியாத காரியம் என்று இனி எந்த உலாவி நிறுவனமும் சொல்ல இடமில்லை.

யார் இதைச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் உலகின் முன்னணி ஓர் இலட்சம் தளங்களைச் சோதித்தபோது, 3,695 தளங்களில் சென்சார்களை வாசிக்கும் நிரல்கள் கிடந்தன. அசைவுச் சென்சார்களை வாசித்த நிரல்களில் 63 வீதமானவை, உலாவியை அடையாளம் பிடிக்கும் வேறு வேலைகளிலும் ஈடுபட்டிருந்தன. தளத்தை நடத்துபவருக்கே இது தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் இதில் சிக்கலான பகுதி. விளம்பரத்துக்கும் வருகைக் கணக்குக்கும் என்று வெளியாரிடமிருந்து எடுத்து ஒட்டும் நிரலுக்குள் இதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது.

கொழும்பிலோ சென்னையிலோ இருந்து இதை வாசிப்பவருக்கும் தீவில் இருந்து வாசிப்பவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கூட்டத்துக்குள் மறையும் வசதி எங்களுக்கு இல்லை. 2021 இல் வந்த அன்ட்ரொயிட் 12, சரியான இடத்தைச் சொல்லாமல் ஏறத்தாழ மூன்று சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும் வசதியைத் தந்தது. நல்ல ஏற்பாடு. கொழும்பின் கொட்டாஞ்சேனையில் அந்தப் பரப்புக்குள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள், ஆளைப் பிரித்தெடுப்பது பாடு. எழுவைதீவின் மொத்தப் பரப்பே ஒன்றரைச் சதுர கிலோமீற்றருக்குள். தீவு முழுவதும் அந்தப் பரப்புக்குள் அடங்கி, மிச்சத்துக்குக் கடல் வரும். நெடுந்தீவு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் என்றாலும் அங்கே வசிப்பவர்கள் நாலாயிரம் பேர் அளவில். மூன்று சதுர கிலோமீற்றருக்குச் சராசரியாக முந்நூறு பேர்கூடத் தேறாது. அதில் இரவு இரண்டு மணிக்குப் போன் பார்ப்பவர் எத்தனை பேர், பிரெஞ்சு மொழித் தளம் திறப்பவர் எத்தனை பேர் என்று சலித்துக்கொண்டு போனால் கடைசியில் நிற்பது ஒரு வீட்டு வாசலாக இருக்கும். பெருநகரத்தை மனதில் வைத்துச் செய்த பாதுகாப்பு, சனம் குறைந்த தீவில் ஓட்டைச் சல்லடை.

படகையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலமோ கால் மணித்தியாலமோ ஒரே தாளத்தில் ஆடி, பிறகு அசைவு நிற்கும் போன் எந்தப் படகில் வந்தது என்று கண்டுபிடிக்க ஜீபிஎஸ் தேவையில்லை. படகு நேர அட்டவணை எல்லோருக்கும் தெரிந்தது. கிழமையில் எந்த நாளில் அந்தப் போன் ஆடுகிறது என்று சேர்த்துப் பார்த்தால், அது தீவில் படிப்பிக்கும் ஆசிரியருடையதா, வைத்தியசாலை உத்தியோகத்தருடையதா, நயினாதீவு அம்மனிடம் ஒரு நாள் வந்துபோன யாத்திரிகருடையதா என்றுகூட ஊகிக்கலாம். விளம்பர நிறுவனம் இவ்வளவு மெனக்கெட்டு நெடுந்தீவு ஆசிரியரைத் தேடுமா என்று கேட்கலாம். தேடாது. ஆனால் திரட்டிய தரவு திரட்டியவரிடமே தங்குவதில்லை. விற்கப்படுகிறது, கசிகிறது, கேட்பவர் கைக்குப் போகிறது. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் எவருடைய பெயரும் இல்லை. ஆனால் பாலைவனங்களில் சிப்பாய்கள் ஓடிய தடங்களை வைத்து, 2018 ஜனவரியில் வெளியே தெரியாதிருந்த இராணுவ முகாம்களின் வடிவத்தைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆள் குறைந்த இடத்தில் ஒவ்வொரு தடமும் துலக்கமாகத் தெரியும்.

கடற்றொழிலாளருக்கு இதில் தொழில் நட்டமும் இருக்கிறது. எங்கே வலை விட்டால் மீன் படும் என்பது பல ஆண்டு அனுபவத்தில் கிடைத்த முதுசம். பக்கத்து வள்ளக்காரனுக்கும் வாய் திறவாத ஆள், காற்று எப்படி, அலை எப்படி என்று பார்க்கத் திறந்த காலநிலைத் தளம் இருப்பிடம் கேட்டவுடன் அனுமதியை அழுத்திவிடுகிறார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. காற்று பார்க்காமல் கடலுக்குப் போக ஏலாது. கடலில் இயந்திரம் நின்றுபோனால் அந்த இருப்பிடம்தான் உயிர் காக்கும். கேட்க வேண்டியது, இன்றைய காற்றைச் சொல்வதற்கு அந்தத் தளம் நாளைய இருப்பிடத்தையும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதுதான். குரோமில் இந்த முறை மட்டும் அனுமதிக்கும் தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால் காற்றும் தெரியும், மீன் படும் இடமும் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று, தீவுகளில் பல வீடுகளில் ஒரு போன் ஒருவருடையதாக இருப்பதில்லை. காலையில் அப்பாவின் கடல் வேலை, மத்தியானம் அம்மாவின் வங்கிச் செய்தி, பின்னேரம் பிள்ளையின் பாடமும் விளையாட்டும், இரவில் அம்மம்மாவுக்கு மரண அறிவித்தல் வாசித்துக் காட்டல் எல்லாம் ஒரே திரையில். உலாவி அனுமதியைத் தளத்தின் பெயரில் எழுதி வைக்கிறது, அழுத்திய ஆளின் பெயரில் எழுதுவதில்லை. பத்து வயதுப் பிள்ளை விளையாட்டுக்காகக் கொடுத்த அனுமதி தகப்பனையும் தாயையும் சேர்த்துக் கட்டும். தனி ஆள், தனிப் போன், தனிச் சம்மதம் என்று கற்பனை செய்து எழுதிய விதிகள் எங்கள் வீட்டு முறைக்குப் பொருந்தவில்லை.

கணக்கெடுப்பு என்றால் என்ன என்பது இந்த மண்ணுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. குடாநாட்டை விட்டு வெளியே போக விடுதலைப் புலிகளிடம் பாஸ் எடுத்த காலம் இருந்தது. தடைமுகாம் தடைமுகாமாகப் படையினரிடம் அடையாள அட்டை நீட்டிய காலமும் இருந்தது. போர் முடிந்த பிறகும், 2011 இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் இராணுவம் வீடு வீடாகக் குடும்ப விவரங்களைப் பதியத் தொடங்கியபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். பதிவை நிறுத்துவதாக அந்த மார்ச்சில் அரச தரப்பு நீதிமன்றத்துக்கு உறுதியளித்தது. எதற்காக எடுக்கிறீர்கள், எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறீர்கள், எடுத்ததை யாரிடம் கொடுப்பீர்கள் என்று துப்பாக்கி வைத்திருந்தவரிடமே கேட்ட சமூகம் இது. விளம்பர நிறுவனத்தை இராணுவத்தோடு வைத்துப் பார்ப்பது மிகை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த மூன்று கேள்விகளில் ஒன்றையாவது ஓர் இணையத்தளத்திடம் நாங்கள் கேட்டிருக்கிறோமா? கேட்க ஒரு பெட்டிகூட வராத இடத்தில் எப்படிக் கேட்பது என்பதும் நியாயமான பதில்தான்.

சட்டம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அடையாளம் காட்டும் தகவலைத் தனிப்பட்ட தரவு என்கிறது. இருப்பிடத் தரவையும் இணையவழி அடையாளத்தையும் அதில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இலங்கையிலுள்ளவர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் வெளிநாட்டு நிறுவனமும் அதன் கீழ் வரும். மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்க இடமுண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டிய சென்சார் அடையாளம் இந்த வரைவிலக்கணத்துக்குள் வரும் என்பதே எங்கள் வாசிப்பு. ஆனால் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்த அரசு, அந்தத் திகதி நெருங்கியபோது பின்வாங்கியது. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. தரவுப் பாதுகாப்பு அதிகார சபையை அமைத்துவிட்டு, அது வேலை செய்ய வேண்டிய பிரிவுகளைத் தூங்க வைப்பது கதவைப் பூட்டித் திறப்பைப் பூட்டிலேயே விட்டுப்போவது மாதிரி. இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2017 இல் புட்டசுவாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதியரசர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை வெளிப்படையாக இல்லை. அதனாலேயே இந்தச் சட்டத்தை முழுமையாக உயிர்ப்பிக்கும்படி எல்லாக் கட்சி உறுப்பினர்களும் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். யாழ் மாவட்டத்து உறுப்பினர்கள் எதிலும் ஒன்றுபட மாட்டார்கள் என்ற பேச்சைப் பொய்யாக்க இது ஒரு நல்ல சந்தர்ப்பம்.

சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. எங்கள் ஊர்த் தளங்கள் பலவற்றின் நிர்வாகிகள் பாரிசிலும் சூரிச்சிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். புங்குடுதீவார், நயினாதீவார், அனலைதீவார் என்று ஊரை மறக்காமல் வேலைக்குப் போய்வந்து இரவிரவாகத் தளம் நடத்தும் இந்த உழைப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் வாழும் நாடுகளில் பார்வையாளரின் தரவு பற்றிய பொறுப்பு ஏற்கெனவே சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 இலிருந்து, சுவிற்சர்லாந்தின் திருத்திய சட்டத்தில் 2023 செப்டம்பரிலிருந்து. அங்கே இருக்கும் பார்வையாளருக்குக் கொடுக்கும் மரியாதையை ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கும் கொடுக்கலாம்தானே. பெரிய செலவும் இல்லை. தளத்தின் சேவையகத்தில் பெர்மிஷன்ஸ் பொலிசி என்ற பெயரில் ஒரு வரி சேர்த்தால், இந்தத் தளத்தில் எவரும் அசைவுச் சென்சாரையும் இருப்பிடத்தையும் தொடக் கூடாது என்று குரோம் போன்ற உலாவிகளுக்குக் கட்டளை போய்விடும். ஒட்டிய விளம்பர நிரலும் அந்தக் கட்டளைக்குள் அடங்கும். மரண அறிவித்தல் வாசிக்க எந்தச் சென்சாரும் தேவையில்லை.

மறுதரப்பின் நியாயமும் உண்டு. விளம்பரம் இல்லாமல் தளம் நடத்துவது கடினம். எதிரே இருப்பது மனிதரா இயந்திரமா என்று பிரித்தறிய அசைவுத் தரவு உதவும் என்பதும் பொய்யல்ல. வங்கியொன்று மோசடியைத் தடுக்க இதைப் பயன்படுத்தினால், பயன்படுத்துகிறோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டுச் செய்யட்டும். சொல்லிவிட்டு எடுப்பதை எதிர்ப்பவர்கள் குறைவு. 2022 இல் எரிபொருள் கியூஆர் அட்டைக்கு வாகன இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தயங்காமல் கொடுத்தோம். ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்திருந்தது.

குரோமை நடத்தும் கூகிளுக்கு எங்கள் குரல் கேட்குமா என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் போன் நிறுவனத்துக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு முக்கியமான ஆள் நிற்கிறார். ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் ரீலோட் போட்டு, புதுப் போனுக்குக் கணக்குத் திறந்து, திரைக்கு ஒட்டு ஒட்டித் தரும் போன் கடைத் தம்பிதான் தீவுப்பகுதியின் உண்மையான தரவுப் பாதுகாப்பு அதிகாரி. முதியவர்களின் போனில் எந்த அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவர். குரோமின் தள அமைப்புகளில் மோஷன் சென்சார்கள் என்ற பகுதியை நிறுத்திவிட்டு, இருப்பிடத்தை அனுமதிக்குமுன் கேள் என்று மாற்றிக்கொடுக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். பிரதேச சபைகள் அவர்களை ஒரு நாள் அழைத்துப் பயிற்சி கொடுத்தால், எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலை நடந்துவிடும். யாழ் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞான மாணவர்களுக்கும் அறிவியல்நகரிலுள்ள பொறியியல் பீட மாணவர்களுக்கும் இது நல்லதொரு இறுதியாண்டு ஆய்வு. வடக்கில் அதிகம் பார்க்கப்படும் தளங்களைத் திறந்து எது எந்தச் சென்சாரைத் தொடுகிறது என்று அளந்து, தள உரிமையாளருக்கு முதலில் தனியாகச் சொல்லி, திருந்த அவகாசம் கொடுத்துப் பிறகு வெளியிடட்டும். குற்றம் பிடித்துக் கூத்தாடுவதில் எவருக்கும் பயனில்லை.

பிரதேச செயலகங்களும் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் நடத்தும் பக்கங்களில் வெளியார் நிரல் எதுவும் இருக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. அரச அலுவலகத்துக்கு வரும் குடிமகனை வாசலில் வைத்து விளம்பரக்காரருக்கு அறிமுகம் செய்துவைக்கும் உரிமை எவருக்கும் கொடுக்கப்படவில்லை.

சனசமூக நிலையங்கள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், பழைய மாணவர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். உங்கள் சங்கத்தின் பெயரில் தளம் இருந்தால், அதில் யாருடைய நிரல்கள் ஓடுகின்றன என்று அதைச் செய்துதந்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். இதைப் போனில் வாசித்துக்கொண்டிருப்பவர்கள் கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்ட்ரொயிட் போன் என்றால், குரோமில் அமைப்புகள், தள அமைப்புகள், மோஷன் சென்சார்கள் என்று போய் நிறுத்திவிடுங்கள். வீட்டில் உள்ள மற்றப் போன்களையும் வாங்கிப் பாருங்கள்.